கலிங்குச் சுவரை உடைத்தவன் நான்

ஆறாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அடுத்த வாரமே பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்ற உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் கட்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள். யாரோ கழித்துப் போட்ட பழைய தறிகளை வாங்கி ஓட்டுக் கொட்டகை போட்டேன். ஆடிக்காற்று ஓட்டைப் பிய்த்தெறிந்தது. தகரம் வேய்ந்தேன். வங்கிக்குப் போனால் உட்காரச் சொல்ல மாட்டார்கள். நின்றுகொண்டே பேசிக் கடன் வாங்கி, ஓடைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது குடோன் கட்டினேன். கிணறு வற்றியது. போர் போட்ட இடத்திலெல்லாம் புழுதிதான் பறந்தது. எல்லோரும் வேண்டாம் என்ற பாறை மேட்டில் பிடிவாதமாகப் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். குடோனுக்குப் பாதை இல்லை, நானே மண் கொட்டிப் போட்டேன். மண் வேலைக்கு வருகிறவன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்த கோபத்தில் சொந்தமாக ஒரு பொக்லைன் வாங்கினேன், அதை ஓட்டவும் கற்றுக்கொண்டேன். மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தேன். ஆர்.எஸ்.புரத்தில் அவள் கிளினிக் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் போய்ப் பாருங்கள்.

இதில் எதற்கும் எங்கள் பேரூராட்சி ஒரு கூடை மண் தூக்கிப் போட்டதில்லை. போகட்டும். நான் கட்டியதைப் பற்றி ஊர் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. நான் உடைத்தது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. எழுதப் பழக்கமில்லாத நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

எங்கள் ஊர் மேட்டாங்காடு, வானம் பார்த்த பூமி. மழை வந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அவசரம் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான், தண்ணீர் இல்லை என்பது. எங்கள் பேரூராட்சிக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும், குடிதண்ணீர் லாரி. கோடையில் குழாய் வற்றினால் லாரி வரும். வைக்கோல்போர் பற்றினால் லாரி வரும். மந்திரி வருகிற அன்று புழுதி அடங்க ரோட்டில் தெளிப்பதற்கும் அதே லாரிதான். ஊரைக் காப்பாற்றுகிற அவர்களுடைய மொத்த அறிவும் அந்த டாங்கிக்குள் அடங்கிவிடும், அதிலும் பாதி ஒழுகிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை செயல் அலுவலரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் பேரிடர் பயிற்சி கொடுத்தார்கள். வெளி மாவட்டத்துக்காரர், படித்த பிள்ளை, பேச்சு மரியாதையாக இருக்கும். ஏசி ஹாலில் மத்தியானச் சாப்பாட்டோடு பயிற்சி முடிந்து, ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டைகளும் ஒரு கைமைக்கும் கொண்டுவந்தார். முழங்கால் நனைகிற தண்ணீரைக்கூட எங்கள் ஊரில் நாங்கள் பார்த்ததில்லை. சட்டைகளை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அவசர உதவிக்கு அழைக்க என்று அலுவலகச் சுவரில் போன் நம்பரை எழுதி வைத்தார்கள். அந்த நம்பருக்கு அடித்தால் அதே சுவருக்குப் பின்னால் மணி அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது.

இப்படி இருக்கையில் எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. வாய்க்கால் வழியாகக் குளங்களை நிரப்புகிற வேலை நடந்து, எங்கள் முறையும் வந்தது. சீமைக்கருவேலமும் ஆடுகளும் தவிர எதையும் காணாத குளம் அது. தண்ணீர் உள்ளே வந்த அன்று ஊரே கரைமேல் நின்றது. பூத் தூவினார்கள், கிடா வெட்டினார்கள், கண் கலங்கினார்கள். அதை நான் கேலி செய்ய மாட்டேன், நானும் ஒரு கை பூத் தூவினேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எங்கள் ஆட்களால் மட்டுமே செய்ய முடிகிற வேலை. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓட, கரையின் ஒரு கோடியில் தாழ்வாகக் கல் கட்டி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் கலிங்கு. அதன் வழியாக ஒரு சொட்டுக்கூட வீணாகப் போகக்கூடாது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. காலமெல்லாம் தண்ணீருக்கு ஏங்கின சனத்துக்கு, குளத்துக்கு ஒரு வாய் இருப்பதே பொறுக்கவில்லை. பேரூராட்சி உடனே தீர்மானம் போட்டுக் கலிங்கின் மேல் ஆளுயரத்துக்குக் காங்கிரீட் சுவர் எழுப்பியது. சுவரின் நெற்றியில் பளபளவென்று ஒரு கருங்கல் கல்வெட்டு. கைதட்டல் காதைப் பிளந்தது.

திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மேடையில் நாற்காலி போடவில்லை. அதனால் நான் கரைமேல் நடந்துபோய்ச் சுவரைப் பார்த்தேன். தலைவியின் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன். எங்கள் பேரூராட்சியில் தலைவர் பதவி அந்தம்மாவுக்கு, நாற்காலி இவருக்கு.

"ஏம்ப்பா, கொளம் ரொம்புனா தண்ணி எக்கட்டப் போகும்?"

"நம்மூர்ல கொளம் ரொம்பிட்டாலும்! நீங்க ஒண்ணுங்கண்ணா" என்று சிரித்து எனக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டார்.

அந்த ஐப்பசியில் ரொம்பியது.

தீபாவளி நோம்பி முடிந்து தறி ஓட்டுகிற ஆட்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. இரண்டு குடோனிலும் எல்லாத் தறியிலும் பாவு நூல் ஏறி நிற்கிறது. வானம் கிழிந்ததுபோல மழை. மேட்டுக்காடு மொத்தமும் குளத்துக்குள் வழிந்து வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எங்கள் வார்டு உறுப்பினரிடமிருந்து போன் வந்தது. கரைக்குக் கீழே காலனியில் இருக்கிறவர், பனியன் கம்பெனியில் தைக்கப் போகிற அம்மிணி. அப்பன் காலம் வரைக்கும் எங்கள் காடுகளில் பண்ணையம் பார்த்த குடும்பம். கூட்டத்தில் அந்தம்மா எழுந்து பேசினால் மற்ற உறுப்பினர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

"ஏனுங்ண்ணா, கரையில எங்க காலனிப் பக்கமா தண்ணி கசியுதுங்க. வெறுந்தண்ணி இல்லீங்க, செம்மண்ணாக் கலங்கி வருது."

"எப்பிருந்து அம்மிணி?"

"காத்தால இருந்துங்க. ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். மனு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க."

"குடுத்தயா?"

"குடுத்துப்போட்டேனுங்க. தண்ணிதான் மனுவப் படிக்காம வந்துட்டே இருக்குது."

கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் சமாளிக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பொக்லைன் வைத்திருக்கிறவனுக்கு மண்ணின் பாஷை தெரியும். சோற்றுத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். வண்டி ஓட்டுகிற பையன் நோம்பிக்குப் போயிருந்தான். அறுபத்தெட்டு வயதில் நானே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன்.

கரையில் ஒரு கல்யாணக் கூட்டமே குடை பிடித்து நின்று, தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது என்று கத்திக்கொண்டிருந்தது. குளத்துத் தண்ணீர் கரை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ததும்புகிறது. கரைக்கு அந்தப் பக்கம் தாழ்வில் காலனியின் தகரக்கூரைகள். கரை உடைந்தால் அத்தனை வீடும் ஆளோடு போகும். எங்கள் செயல் அலுவலர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"மேல தகவல் சொல்லிட்டேன் சார். இன்னொரு துறைக்கும் சொல்லியிருக்கேன். குளம் எங்க பொறுப்பா அவங்க பொறுப்பான்னு இன்னும் க்ளியர் ஆகலை."

"சொவுரு கட்டறப்ப யாரு பொறுப்புங்க?"

"அது தீர்மானம் போட்டுச் செஞ்சது சார்."

"அப்ப ஒடைக்கறதுக்கும் ஒரு தீர்மானத்தப் போடுங்க."

"அவசரக் கூட்டம்னாலும் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும் சார்."

"கரை காத்தாலயே நோட்டீஸ் குடுத்துப்போட்டுதுங்களே. கீழ எறங்கிப் பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. ஷூ நனையும்.

தலைவியின் வீட்டுக்காரர் என் காதோரமாக வந்தார். "அண்ணா, எத்தனை வருசங் கழிச்சு வந்த தண்ணி. அதைத் தொறந்து உட்டா ஊருக்குள்ள தலை காட்ட முடியுங்களா? அடுத்தவாட்டி ஓட்டு எப்படிக் கேக்கறது?"

"காலனியில இருக்கறவங்களும் ஓட்டுத்தானப்பா போடறாங்க."

"அவங்களுக்கு லாரி சொல்லியிருக்கறனுங்க."

என்ன லாரி என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஆரன் அடித்துக்கொண்டு அது வந்தே விட்டது. குடிதண்ணீர் லாரி. டாங்கி நிறையத் தண்ணீரோடு, மழையில் நனைந்தபடி, ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டு. அவசரம் என்று அலுவலகத்திலிருந்து போன் போனால் டிரைவருக்கு வேறு என்ன தெரியும்? கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"ஏனுங்க, அவசரம்னாங்க. தண்ணிய எங்கீங்க உடறது?"

வார்டு அம்மிணிதான் பதில் சொன்னார். "கொளத்துல உடுங்கண்ணா. இன்னும் ஒரு கொடம் கொறயுது."

அந்த நேரத்திலும் கூட்டம் சிரித்தது. செயல் அலுவலர் மட்டும் சிரிக்கவில்லை. கோயம்புத்தூர்ப் பயிற்சியில் அதற்கு ஒரு பாடம் வைக்காமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அம்மிணி என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "அண்ணா, நான் சனத்தைக் கெளப்பிட்டு மேட்டுல பள்ளிக்கூடத்துக்குப் போறனுங்க. வயசானவங்க நெறைய இருக்கறாங்க, நேரமாகும். இங்க நீங்க என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

"பள்ளிக்கூடம் பூட்டியிருக்குமே?"

"கடப்பாரை இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கி ஓடினார். பீரோவிலிருந்த கைமைக் அன்றைக்கும் பீரோவில்தான் இருந்தது. அந்தம்மா வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கத்தியே காலனியைக் கிளப்பினார்.

இப்போது எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கலிங்கைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும்? பழைய பள்ளத்தில் போகும். பள்ளத்துக்குப் பக்கத்தில் இருப்பது என் இரண்டாவது குடோன். அத்தனை தண்ணீரைப் பள்ளம் தாங்காது, குடோனுக்குள் ஏறும். தறியில் ஏறியிருக்கிற பாவு கூலிக்கு நெய்யக் கொடுத்தவர்களுடையது. நனைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். தறி மோட்டார் எல்லாம் தரையோடு தரையாக இருக்கிறது. கரைமேல் நின்ற அத்தனை பேரிலும், திறந்தால் நட்டப்படப்போகிறவன் நான் ஒருத்தன்தான். திறக்கக்கூடாது என்று கத்தினவர்களில் ஒருத்தனுக்கும் ஒரு செருப்புக்கூட நனையாது.

யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிறகு வண்டியைக் கலிங்குப் பக்கம் திருப்பினேன்.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், போய்ச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவன், குளம் நிறைந்ததிலிருந்து அவன் கிணற்றில் ஊற்று ஏறியிருந்தது.

"மாமா, தண்ணிய வெளிய உடறது பாவம். என்ற மேல வண்டிய ஏத்தீட்டுச் சொவுத்த ஒடைங்க."

"எறங்குடா. நீ உக்காந்திருக்கறதுனால கரை நிக்காது."

"எந்தோப்புல தண்ணி பூந்தா யாரு பதில் சொல்றது?"

"தண்ணி உன்ற தோப்புக்குப் போகாதுடா. நேரா என்ற தறிக்குடோனுக்குத்தான் போகுது."

அவன் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தான், என் குடோனைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு இறங்கினான். "அதையச் சித்த முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க மாமா" என்றான். கூட்டத்தில் கூச்சலும் அதோடு அடங்கியது. நட்டம் அடுத்தவனுக்கு என்று தெரிந்ததும் ஊருக்கு ஞானம் வந்துவிட்டது.

செயல் அலுவலர் ஓடிவந்தார். "சார், எழுத்துல உத்தரவு இல்லாம பொதுச் சொத்துல கை வெக்காதீங்க. நான் அனுமதி குடுக்கலை, தடுக்கவும் இல்லை. ப்ளீஸ் சார், நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க."

"நான் எப்பவுமே அப்பிடித்தானுங்க நெனைக்கறது."

தலைவியின் வீட்டுக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் கூடவே நடந்து வந்தார். கரைந்துகொண்டிருக்கிற கரையை அவர் பார்க்கவில்லை, கீழே சாமான் தூக்கிக்கொண்டு ஓடுகிற சனத்தையும் பார்க்கவில்லை. "அண்ணா, ஒடைக்கறதுன்னா ஒடைங்க. கல்வெட்ட மட்டும் பாத்து உட்டுருங்கண்ணா" என்றார்.

முதல் இடி அதன்மேல்தான் வைத்தேன்.

சுவரை ஒரேயடியாகத் தள்ளினால் தண்ணீர் பாய்ந்து கலிங்கையே பெயர்த்துக்கொண்டு போகும். மேல் வரிசையை ஒரு ஓரத்திலிருந்து கடித்துக் கடித்து எடுத்தேன். பொழுது சாய்வதற்குள் சுவர் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. தண்ணீர் இரைந்துகொண்டு பள்ளத்தில் இறங்கியது. கரையில் ஈரக்கோடு மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. கீழே போய்ப் பார்த்தேன், கசிவு மெலிந்து தெளிந்திருந்தது. கரை நின்றது. காலனியில் ஒரு ஆட்டுக்குட்டிகூடச் சாகவில்லை.

என் குடோனில் மோட்டாருக்கு மேல் தண்ணீர். பாவெல்லாம் சேற்றில் ஊறிக் கிடந்தது. அதைப் பார்த்தபோது என்ன தோன்றியது என்று எழுதப் போவதில்லை. அது என் சொந்த விஷயம்.

மறுநாள் மழை விட்டது. பீரோவைத் திறந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர் கையில் கைமைக். பேப்பரில் வந்தது, பேரூராட்சியின் துரித நடவடிக்கையால் பெரும் ஆபத்து தவிர்க்கப்பட்டதாம், உபரிநீர் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டதாம். யார் வெளியேற்றியது என்று ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் தானாகவே மனசு மாறிப் போய்விட்டது போல எழுதியிருந்தார்கள். குடியரசு நாள் கொடியேற்று விழாவில் செயல் அலுவலருக்கு நற்சான்று கொடுத்தார்கள். லாரி டிரைவருக்கும் கொடுத்தார்கள். அவனாவது தண்ணீரோடு வந்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு வந்தது நோட்டீஸ், பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. அம்மிணியிடம் பள்ளிக்கூடத்துப் பூட்டுக்கு விளக்கம் கேட்டார்கள். மகள் போனில் "உட்டுருங்கப்பா, எதுக்கு வம்பு" என்றாள். நானும் விட்டிருப்பேன். இவர்கள் கையால் ஒரு துண்டு போர்த்திக்கொண்டால்தான் பெரிய மனிதன் என்கிற நிலையில் நான் இல்லை.

ஆனால் போன மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். வெள்ளத்தில் சேதமடைந்த கலிங்குச் சுவரைப் பழைய உயரத்துக்கே கட்டுவதாம். வெள்ளத்தில் சேதமா? என் வண்டியின் பல்லில் சேதமானது அது! அம்மிணி எழுந்து வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சுவரால்தான் ஆபத்து வந்தது என்பதற்கு எங்கேயும் பதிவே இல்லையே என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

"அண்ணா, நீங்க ஒடச்சீங்கன்னு எழுதுனாத்தானுங்க, எதுக்கு ஒடச்சாருன்னு ஒருத்தனாவது கேப்பான்" என்றார் போனில். நான் மனசில் வைத்துக்கொண்டு வாயால் சொல்லாமல் இருந்ததும் அதுதான்.

அலுவலகத்துக்குப் போனேன். செயல் அலுவலர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பேரப் பதிவுல ஏத்தினா, உடைச்சதுக்கு நடவடிக்கை எடுத்தே ஆகணும். பேசாம இருந்துட்டீங்கன்னா நோட்டீஸ நான் அப்படியே முடிச்சுடறேன்."

"சொவுரு?"

"அது தீர்மானம் ஆயிடுச்சு சார்."

"அப்ப நோட்டீஸ நீங்க முடிக்க வேண்டாமுங்க. என்ற பேர ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு, டீயைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அதனால் இங்கே எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். அந்தச் சுவர் வெள்ளத்தில் விழவில்லை. பட்டப்பகலில், ஊர் பார்க்க, செயல் அலுவலர் குடைக்குக் கீழே நின்று பார்க்க, நான் உடைத்தேன். உடைக்காவிட்டால் காலனி இன்றைக்கு இருக்காது. இதை அப்படியே பேரூராட்சிக் கூட்டத்தில் மைக்கில் படித்துப் பதிவில் ஏற்ற வேண்டும். என் பெயரை முழுசாக, அப்பன் பெயரோடு போட வேண்டும். எதற்காக உடைத்தேன் என்பதையும் அதே வரியில் போட வேண்டும். பூட்டை உடைத்த அம்மிணியின் பெயரையும் போடுங்கள், என் பெயருக்கு அடுத்தபடியாக. வழக்குப் போடுவதானால் தாராளமாகப் போடுங்கள், கோர்ட்டில் வந்தும் இதையேதான் சொல்வேன். அதற்கு முன்னால் பெயரைப் போடுங்கள். போட்ட பிறகு, தைரியம் இருந்தால், சுவரைக் கட்டுங்கள்.